மரம் எண்ணிய வாக்கேயக்காரர்

போன வாரம் ஒரு காலை, தபால் நிலையத்தைத் திறந்துகொண்டிருந்தபோது சடையன் வந்து படியில் நின்றார். எங்கள் மலையூரான புதூர்நாட்டில் சாமை பயிரிடுகிறவர். "பாட்டுக்கார அய்யா போய்ட்டாருங்க. தூக்கத்துலயே" என்றார். பிறகு, "இனிமே மரத்த யாரு எண்றது?" என்று கேட்டார்.

ஊர் பாட்டுக்கார அய்யா என்று அழைத்த வேதகிரியை அவருடைய கீர்த்தனைகள் வழியாக அறிந்த உங்களுக்கு அந்தக் கேள்வி புரியாது. மலையில் அவரை அறிந்தவர்களுக்கு வேறு கேள்வியே தோன்றவில்லை.

1970களின் நடுவில் அவர் சென்னையை விட்டு இங்கே வந்தார். ஏன் என்று கேட்டேன். "அங்கே எல்லோரும் என்னை மேதை என்று நம்பினார்கள். ஒரு பாட்டும் வரவில்லை" என்றார். நம்பிக்கைதான் தொந்தரவு என்றால், சரியான ஊருக்குத்தான் வந்திருந்தார்.

காலையில் காட்டுப் பாதையில் நடந்தபடியே இயற்றுவார். வாய் முணுமுணுக்கும். வலது கை தொடையில் ஒருமுறை தட்டும். பிறகு சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாக எண்ணும். கண் மட்டும் மரங்களின் மேல் இருக்கும். ஆதி தாளம் என்பீர்கள். சந்தன மரம் களவு போகிற மலையில் அதற்கு வேறு பெயர். வனத்துறைக்குக் கணக்கெடுக்கிறார், நாளை குறைகிற மரத்துக்கெல்லாம் நம் தலைதான் உருளும் என்று ஊர் சந்தேகப்பட்டது. மரம் கடத்துகிறவர்களுக்குக் கணக்கெடுக்கிறார் என்று ரேஞ்சர் சந்தேகப்பட்டார். இரு தரப்பும் ஒத்துப்போய் நான் பார்த்தது அவரைத் துரத்தும் விஷயத்தில்தான்.

ரேஞ்சர் சங்கீதம் தெரியாதவர் அல்ல. "தாளம் போடறவன் சபாவுல உக்காந்து போடுவான் சார். காட்டுல நடந்துகிட்டே எவன் போடுவான்?" என்று என்னிடம் கேட்டார். வாரக் கடைசிக்குள் மலையை விட்டு இறங்காவிட்டால் ஜீப்பில் ஏற்றித் திருப்பத்தூருக்குக் கொண்டுபோவதாக வேதகிரியிடம் சொல்லிவிட்டும் போனார். வேதகிரி அப்போது அனுபல்லவிக்குத்தான் வந்திருந்தார்.

உளவு பார்க்க ஊர் சடையனைப் பின்னால் அனுப்பியது. அவர் திரும்பி வந்து கோயில் முன்னால் கூடியிருந்தவர்களிடம் சொன்னதை நானும் கேட்டேன்.

"வழுக்குப் பாறை மேல ஒரு செடிகூட இல்ல. அங்கயும் இந்தாளு அதே மாதிரிதான் எண்றாரு. இவரு மரம் எண்றவரு இல்லீங்க."

"பின்ன இன்னா, பைத்தியமா?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"பாட்டுங்க."

"ரெண்டும் ஒண்ணுதான். இருந்துட்டுப் போவட்டும். ஆனா இத மலைக்குக் கீழ எவனும் சொல்லக்கூடாது. மரம் வெட்ற பசங்க, எண்றாருன்னே நெனச்சிக்கட்டும்."

கெடு முடியும் முன் ரேஞ்சரையும் பாறைக்கு அழைத்துப்போய்க் காட்டினார்கள். வேதகிரி தங்கினார், சரணமும் வந்தது.

அடுத்த ஆண்டுகளில் மலையெங்கும் சந்தனம் குறைந்தது. அவர் நடந்த பாதையில் மட்டும் குறையவில்லை. அதை அவரிடம் சொன்னேன். "என் பாட்டால் விளைந்த ஒரே நிரூபிக்கக்கூடிய நன்மை" என்றார். பாராட்டை இவ்வளவு சந்தேகத்தோடு வாங்கிக்கொண்ட இன்னொரு கலைஞரை நான் பார்த்ததில்லை.

கடைசிக் காலத்தில் காது போய்விட்டது. புதிதாக ஒன்றும் வரவில்லை என்று அவரே சொன்னார். ஆனாலும் தினமும் நடந்தார், விரல்களும் எண்ணின. பழக்கதோஷம் என்று நினைத்திருந்தேன்.

காரியம் முடிந்து சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது சடையன் குரலைத் தாழ்த்தினார். "போன வருசம் சும்மா பின்னால போய்ப் பாத்தேங்க. பாறை மேல ஏறினதும் கை நின்னுபோச்சு. அந்தாண்ட எறங்கி மரம் வந்ததும்தான் மறுபடி எண்றாரு."

"அப்படின்னா?"

"நம்ம சந்தேகம் சரிதாங்க. இன்னா, கொஞ்சம் லேட்டு."

அவருடைய கீர்த்தனைகளை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பாட வராது. நான் வைத்துக்கொண்டது அவருடைய நடையை. அன்றிலிருந்து தினமும், தபால் நிலையம் திறப்பதற்கு முன், அந்தப் பாதையில் விரல்களை மடக்கி எண்ணிக்கொண்டு போகிறேன். வழுக்குப் பாறை வந்ததும் மறக்காமல் கையைத் தொங்கப்போட்டுவிடுகிறேன். மரம் வெட்டுகிறவர்கள் பின்னால் ஆள் அனுப்பியிருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம்.