எலும்பைக் கரைக்கும் மண்

காட்டு மண்ணில் மக்கிய இலைகளின் கரிமத்தை இரும்பும் அலுமினியமும் எப்படிப் பிடித்து வைத்துக்கொள்கின்றன என்று பார்ப்பது என் வேலை. சத்துவாச்சாரியில் வீடு, ஒரு கல்லூரி ஆய்வகத்தில் உத்தியோகம். அமிலத்தன்மை அதிகமான மண் தேடி ஒடுகத்தூருக்கு மேலே மலைக்காட்டுக்குப் போனேன். பள்ளம் தோண்ட மலைக்கிராமத்துப் பெண் ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். அக்கா என்றே கூப்பிட்டேன்.

காலை பத்து மணிக்கும் பனி விலகவில்லை. இடுப்பளவு ஆழத்தில் செம்மண்ணுக்கு நடுவே கறுப்புத் திட்டு தெரிந்தது. வேர் அழுகியிருக்கும் என்று நினைத்து அதில் ஒரு பை அள்ளிக்கொண்டேன். அக்கா பள்ளத்தை அகலப்படுத்திக்கொண்டே போனவர் சட்டென்று நிறுத்தினார்.

"மேடம், மேல ஏறி நின்னு பாருங்க."

ஏறிப் பார்த்தேன். தலை, வளைந்த முதுகு, மடக்கிய முழங்கால். யாரோ ஒருக்களித்துப் படுத்திருந்தார்கள். இறங்கித் தொட்டேன். எலும்பே இல்லை. வெறும் மண்தான், சுற்றியிருந்ததைவிடக் கொஞ்சம் மெத்தென்று இருந்தது.

"அமில மண்ணு எலும்பக் கரைச்சிடும்க்கா. ஒடம்பு மக்கி வந்தத இந்த இரும்பும் அலுமினியமும் விடாம புடிச்சிக்கும்."

"ஆளு போய்ட்டும் மண்ணு விடலையா?"

"விடல."

அவர் சுற்றிலும் மரங்களைப் பார்த்தார். "இங்க நாங்க யாரையும் பொதைக்கிறது இல்ல மேடம்."

நான் தகவல் சொன்னதில் மறுநாள் போலீசார் இருவர் வந்தார்கள். மூத்தவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "எலும்பு இல்ல, துணி இல்ல. நான் இன்னான்னு எழுதறது?" கொஞ்சம் மண் எடுத்துப் போனார்கள். எந்தக் காலத்து ஆள் என்று சொல்ல முடியாது, பள்ளத்தை மூடிவிடலாம் என்று பிறகு தகவல் வந்தது.

அக்கா மண்வெட்டியைத் தொடவில்லை. கையால் அள்ளி, காலிலிருந்து மூடிக்கொண்டு வந்தார். "மூஞ்சிய கடைசியா மூடலாம்" என்றார். முகம் இருந்த இடத்தில் ஒரு கறைதான் இருந்தது. ஆனாலும் அதன்மேல் மண் போட எனக்குக் கை வரவில்லை. அவர்தான் போட்டார்.

நான் அள்ளிய பை ஆய்வகத்தில் இருந்தது. அதிலிருந்து இரண்டு கரண்டி எடுத்து, இரும்பையும் அலுமினியத்தையும் பிரித்தெடுக்கும் கரைசலில் கலக்கினேன். மற்ற இடத்து மண் கலந்த குப்பிகள் தேநீர் நிறத்துக்கு வந்தன. இது மட்டும் கன்னங்கரேலென்று ஆனது. கரிமம், இரும்பு, அலுமினியம் மூன்றுமே ஜாஸ்தி. அந்தக் குப்பியைக் கழுவுதொட்டியில் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. மூடி போட்டு அலமாரியில் வைத்துவிட்டு, மிச்ச மண்ணை எடுத்துக்கொண்டு மறுபடி மலை ஏறினேன்.

மூடிய பள்ளத்தின் மேல் அதைக் கொட்டும்போது அக்கா கேட்டார்: "முழுசா இருக்குதா?"

"ரெண்டு கரண்டி கரைச்சிட்டேன்க்கா. அத மண்ணாக்க முடியாது."

"எந்தப் பக்கத்து மண்ணு?"

யோசித்துத்தான் சொன்னேன். "தோளுகிட்ட."

அவர் எனக்கு முன்னால் இறங்கிப் போனார். அடுத்த பள்ளத்துக்குக் கூப்பிட்டபோது வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பினார். குப்பி இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. மண் எடுத்த தேதியைத் தவிர அதன்மேல் என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை.