அந்தோணிசாமி செய்த அலுமினிய டாங்கி

விழுப்புரம் ரயிலடிக்குக் கிழக்கே போகிற தெருவில், சுண்ணாம்புக் காளவாய்க்குப் பக்கத்தில், அந்தோணிசாமியின் வெல்டிங் கொட்டகை இருந்தது. யுத்தம் அப்போதுதான் முடிந்திருந்தது. ஊரில் கேஸ் வெல்டிங் தெரிந்தவர்கள் ஓரிருவர்தான். அவர்களில் கை சுத்தமான ஆள் என்று இவருக்குப் பெயர். இன்னொரு பெயரும் உண்டு: பயந்தாங்கொள்ளி வெல்டர்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. கார்பைடு கல்லில் தண்ணீர் விட்டுக் கேஸ் எடுக்கும் பீப்பாயை அவர் கொட்டகைக்குள் வைத்ததே இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் வேப்பமரத்தடியில்தான் வைத்திருந்தார். பீடியோடு உள்ளே நுழைகிறவரைக் கையெடுத்துக் கும்பிட்டு வெளியே அனுப்புவார். கலப்பைக் கொழு, சைக்கிள் சட்டம், கிணற்றுக் கவலைச் சால் என்று எது வந்தாலும் ஒட்டிக் கொடுப்பார். எண்ணெய் டின்னோ பெட்ரோல் பீப்பாயோ வந்தால் மட்டும், "நம்மால ஆவாதுங்க, வேற ஆளப் பாருங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

முகையூர்ப் பக்கத்துச் சேரியில் பிறந்தவர் அவர். முப்பதுகளில் குடும்பமே ஒரு பண்ணையில் படியாளாகக் கிடந்தது. யுத்தம் வந்து, தெற்கே ராணுவ விமானங்கள் இறங்கத் தளம் போட்டபோது கல் சுமக்கப் போனார். போன இடத்தில் பட்டறைக்கு ஆள் போதவில்லை என்று உள்ளே இழுத்துக்கொண்டார்கள். பெரியதம்பி என்கிற சிநேகிதரும் அவரும் சேர்ந்தே வெல்டிங் கற்றார்கள். ஒரு காலையில் காலிப் பெட்ரோல் பீப்பாய் ஒன்றைக் குறுக்காக அறுத்துத் தண்ணீர்த் தொட்டியாக்கச் சொன்னார்கள். பெரியதம்பி வெல்டிங் குழலைப் பற்றவைத்தார். அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டதால் அந்தோணிசாமி மொள்ளப் பானையடிக்குப் போயிருந்தார். அவர் குவளையை உள்ளே விட்ட அந்த நேரத்தில் பானை கையோடு உடைந்தது. தரையில் விழுந்து எழுந்து பார்த்தபோது பட்டறைக்குக் கூரை இல்லை. பெரியதம்பியை அவர் எந்த நிலையில் பார்த்தார் என்பதை மனைவி சவுரியம்மாளிடம்கூடச் சொன்னதில்லை. "ரொம்பிக்கினு இருக்கற பீப்பா எரியும். காலிப் பீப்பாதான் வெடிக்கும். உள்ள பெட்ரோல் ஆவி நின்னுக்கினு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது" என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

விக்கிரவாண்டியிலிருந்து சக்கரபாணி நாய்க்கர் வந்தது அந்த வருஷத்துத் தை மாசத்தில். நிலபுலன் உள்ளவர். மாடு கட்டி இறைக்கும் கவலையை விட்டுவிட்டு மூன்று கிணறுகளில் எண்ணெய் இஞ்சின் வைத்திருந்தார். ராணுவ ஏலத்தில் ஒரு டிரெய்லரை எடுத்துத் தன் பழைய வேனுக்குப் பின்னால் பூட்டியிருந்தார்.

"ஏம்பா அந்தோணி, இஞ்சினுக்கு மண்ணெண்ண கொண்டாந்து மாளல. இந்த டிரெய்லர்ல ஒரு டாங்கி வெக்கணும். ஆனா அறுப்பு வந்துச்சின்னா மல்லாட்டை மூட்ட அதுலதான் ஏத்தணும். அப்ப டாங்கியக் கழட்டி எறக்கிடணும். ரெண்டு ஆளு தூக்கறாப்பல இருக்கணும். இரும்புன்னா ஆவுமா?"

"அலுமினியத்துல செய்யலாங்க" என்றார் அந்தோணிசாமி. சொன்ன பிறகு கேட்டார்: "மண்ணெண்ண மட்டுந்தானுங்களே? பெட்ரோல் ஊத்த மாட்டீங்களே?"

"பெட்ரோல் எங்க கெடைக்குது இப்ப? ரேஷன் சீட்டுக்கே பேஜாரா கீது."

"அப்பிடின்னா சரிங்க. ஒண்ணே ஒண்ணு. நாளைக்கு ஒழுவுச்சின்னா எங்கிட்டயே எடுத்தாங்க. வேற எடத்துல நெருப்பு காட்டக் கூடாது."

நாய்க்கர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

பட்டணத்துப் பாத்திரக்கடையிலிருந்து கனத்த அலுமினியத் தகடு வந்து சேர்ந்தது. அது பழகாத ஆளை ஏமாற்றிவிடும். இரும்பென்றால் சிவந்து காட்டிக்கொடுக்கும். அலுமினியம் நிறம் மாறாது. வெள்ளையாகவே இருந்து, கண் இமைக்கும் நேரத்தில் உருகி ஓட்டையாக விழுந்துவிடும். முதலில் கேஸ் புகையால் தகட்டைக் கரியாக்குவார் அந்தோணிசாமி. பிறகு சுடரை லேசாகக் காட்டுவார். கரி மறையும்போது சூடு போதும் என்று அர்த்தம். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு சாண் ஒட்டுவார். விலகி நின்று வியர்வையைத் துடைத்துக்கொள்வார். மறுபடி ஒரு சாண். ஒட்டு முடிந்த இடத்தையெல்லாம் சவுரியம்மாள் வெந்நீரும் தேங்காய் நாரும் கொண்டு தேய்த்துக் கழுவினாள். ஒட்டுக்குத் தூவிய பொடி தங்கினால் அலுமினியத்தை அரித்துவிடும்.

மேடு பள்ளத்தில் எண்ணெய் அலம்பி வண்டியை இழுக்காமல் இருக்க டாங்கிக்குள் இரண்டு குறுக்குத் தகடுகள் வைத்தார். மேலே வாயும் மூடியும். இரண்டு பக்கமும் தூக்கப் பிடி. டிரெய்லர் தளத்தில் இரும்புப் பட்டைகளை மேலாகக் கொண்டுபோய் முறுக்காணியால் இறுக்கினால் அசையாது. தளர்த்தினால் கையோடு வந்துவிடும். பட்டை தகட்டில் உரசாமலிருக்கச் சாக்குத் துணியை மடித்து வைத்தார். தண்ணீர் நிரப்பி ஒரு பகலெல்லாம் வெயிலில் விட்டுப் பார்த்தபோது ஒரு சொட்டுக் கசிவில்லை. டாங்கி வெயிலில் பளபளத்தது. சவுரியம்மாள் அதில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டாள். அந்தோணிசாமிக்குத்தான் அதன் முன்னால் நிற்கவே பிடிக்கவில்லை.

ஒரு வருஷம் ஓடியது. அறுப்புக் காலத்தில் நிலக்கடலை மூட்டைக்காக டாங்கி இறங்கியது, முடிந்ததும் ஏறியது. பிறகு ஒரு காலை நாய்க்கரின் வேன் கொட்டகை வாசலில் வந்து நின்றது. டிரைவர் பச்சைமுத்து குதித்து இறங்கினார்.

"சாக்குத்துணி எங்கியோ வுழுந்துடுச்சிண்ணே. பட்ட ஒரசி மேல் மூலைல பொத்துக்கிச்சி. ரொப்பி ஓட்டனா சிந்துது."

அந்தோணிசாமி டிரெய்லரில் ஏறினார். மூடியைத் திருகினார். மூக்கில் வந்து அறைந்தது மண்ணெண்ணெய் வாசனை அல்ல.

"இதுல இன்னா ஊத்தனீங்க?"

நாய்க்கர் வேனுக்குள் இருந்தபடியே சொன்னார்: "திண்டிவனத்து பஸ் மொதலாளி ஒருத்தரு நமக்கு வேண்டியவரு. லைசென்ஸ்ல பெட்ரோல் எடுத்தாறணும்னு ரெண்டு தரம் வாங்கிக்கினு போனாரு. இப்பதான் காலியா கீதே, அப்பறம் இன்னா? ஜல்தியா ஒரு ஒட்டு போடு."

காலியாக இருக்கிறது என்ற சொல் காதில் விழுந்ததும் அந்தோணிசாமி மூடியைத் திருகி இறுக்கினார். டிரெய்லரிலிருந்து இறங்கினாரா விழுந்தாரா என்று அவருக்கே தெரியாது. கொட்டகைக்குப் பின்னால் போய் வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். தண்ணீர் ரொப்பி ஒட்டும் முறை அவருக்குத் தெரியும். பெரியதம்பி போன பிறகு விமான தளத்தில் அதைத்தான் சொல்லிக் கொடுத்தார்கள். தெரிந்து என்ன? கை குழலை எடுக்க மறுத்தது.

"நம்மால ஆவாதுங்க ஐயா."

"இன்னாப்பா இது! நீதான எங்கிட்டயே எடுத்தாங்கன்னு சொன்ன?"

"பெட்ரோல் ஊத்த மாட்டேன்னு நீங்களும் சொன்னீங்க."

நாய்க்கருக்குக் கோபம் வந்துவிட்டது. "வண்டியத் திருப்புடா பச்சைமுத்து. திண்டிவனத்துல பஸ் ஷெட்டுல புதுசா ஒரு வெல்டர் வந்துக்கறான். அவன் ஆம்பள." வேன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போயிற்று.

அந்தோணிசாமி மர முக்காலியில் உட்கார்ந்தார். கை ரெண்டையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். சவுரியம்மாள் எதிரில் வந்து நின்றாள்.

"அந்த ஆளு யாரோ, அவனுக்குத் தெரியுமா இந்தத் தண்ணி ரொப்பற வெசயம்லாம்?"

"தெரியாது. தெரிஞ்சாலும் ஆவாது சவுரி. உள்ள ரெண்டு குறுக்குத் தகடு கீது. தண்ணி ஏறனாலும் அதுங்களுக்குப் பின்னால மேல் மூலைல ஆவி தங்கிடும். டாங்கியச் சாய்ச்சி வெக்கணும். எந்தப் பக்கம் சாய்க்கணும்னு செஞ்சவனுக்குத்தான் தெரியும்."

"அப்ப இன்னும் இன்னாத்துக்கு ஒக்காந்துக்கினு இருக்கீங்க?"

அவள் சட்டையை எடுத்து நீட்டினாள். அவள் முகமும் வெளுத்துத்தான் இருந்தது.

திண்டிவனம் பஸ் கரியில் ஓடுகிற பஸ். பின்பக்கம் அடுப்புப் பீப்பாயைக் கட்டிக்கொண்டு, மூச்சிரைத்தபடி போகும். விக்கிரவாண்டி தாண்டியதுமே நின்றுவிட்டது. அந்தோணிசாமி கம்பியைப் பிடித்துக்கொண்டு வடக்கே பார்த்தார். இப்போது வேன் போய்ச் சேர்ந்திருக்கும். டாங்கியை இறக்கியிருப்பார்கள். அந்த வெல்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டிருப்பான். கல்யாணம் ஆனவனோ என்னவோ. டிரைவர் பின்னால் போய் அடுப்பு மூடியைத் திறந்தார். உள்ளே தங்கிய கேஸ் 'டம்' என்று வெடித்துத் தீ நாக்கு நீட்டியது. பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள், தினம் நடக்கிறதுதான். அந்தோணிசாமி மட்டும் இருக்கைக்கு அடியில் கிடந்தார். பக்கத்தில் இருந்த கிழவர், "இன்னாப்பா, வலிப்பா?" என்று கையில் இரும்புச் சாவியைத் திணித்தார்.

ஒரு வழியாய்த் திண்டிவனம் வந்தது. பஸ் ஷெட்டை விசாரித்து ஓடினார். ஷெட்டுக்குள் ஏழெட்டுப் பேர் கூடி நின்றார்கள். நடுவே மரக்கட்டைகள் மேல் அவருடைய டாங்கி. வேறொரு பஸ் வேலையை முடித்துவிட்டு அப்போதுதான் அதற்கு முன்னால் வந்து குந்திய வெல்டரின் குழலில் நீலச் சுடர் சீறிக்கொண்டிருந்தது.

"வேணாம்! நிறுத்துங்க!" என்று கத்தினார். சுடரின் சீறலில் யாருக்கும் கேட்கவில்லை. குழல் டாங்கியை நோக்கித் திரும்பியது. பக்கத்தில் போகாதே என்று உடம்பெல்லாம் கத்தியது. கால்கள் ஓடிவிட்டன. தரையில் கிடந்த ரப்பர் குழாய்களை அள்ளிப் பிடித்து மடித்து நெரித்தார். சுடர் 'பட்' என்று ஒடுங்கிப் போயிற்று.

வெல்டர் எழுந்த வேகத்தில் அவர் கன்னத்தில் ஓர் அறை விட்டான். நாய்க்கர் பாய்ந்து வந்தார். "நீயும் செய்ய மாட்ட, செய்யறவனையும் வுட மாட்டியா?"

அந்தோணிசாமி கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வெல்டரைப் பார்த்துச் சொன்னார்: "பெட்ரோல் இருந்த டாங்கி, தம்பி. எங்கூட இருந்த ஒருத்தன் இப்பிடித்தான் போய்ட்டான். நான் பாத்தேன்."

வெல்டர் கண்ணாடியைக் கழற்றினான். அப்பாதுரை என்று பெயர். இருபத்தைந்து வயசுக்கு மேல் இருக்காது. முகமெல்லாம் வியர்வை. அவனும் மெல்லத்தான் பேசினான்: "மூடியத் தொறக்கறப்பவே வாசன வந்துச்சிண்ணே. மனசுல திக்குதிக்குன்னு இருந்துச்சி. வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆவுது. மாட்டேன்னு எப்பிடிச் சொல்றது?" அதைக் கேட்டதும் கூடி நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பின்வாங்கினார்கள். நாய்க்கர் டாங்கியையும் தன் காலடியையும் பார்த்தார். அவரும் நாலடி நகர்ந்து நின்றார்.

"அப்ப இதை இன்னாதான்பா பண்றது?" என்ற அவர் குரலில் பழைய முறுக்கு இல்லை.

விட்டுவிட்டுப் போனால் இன்னோர் ஊர், இன்னொரு ஷெட். அந்தோணிசாமி கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார். "தண்ணி கொண்டாங்க" என்றார்.

சலவைச் சோடா கலந்த வெந்நீரை ஊற்றிக் குலுக்கிக் கவிழ்த்தார்கள். திரும்பத் திரும்ப அதையே செய்தார்கள். பிறகு ஓட்டை இருந்த மூலையும் அதையொட்டிய வாயும் மட்டும் மேலே நிற்கும்படி டாங்கியைச் சாய்த்துக் கட்டை கொடுத்து, மூடியைக் கழற்றி வாய் திறந்திருக்க, ஓட்டைக்குச் சற்றுக் கீழ்வரை தண்ணீர் நிரப்பினார்கள். உள்ளே குறுக்குத் தகடு எங்கே நிற்கிறது என்று விரலால் வெளியே கோடு போட்டுக் காட்டினார் அந்தோணிசாமி. எல்லாரையும் சுவருக்கு அந்தப் பக்கம் அனுப்பினார். அப்பாதுரை போகவில்லை.

"நீயும் போ தம்பி."

"நீங்க இருக்கீங்களேண்ணே."

குழலைப் பற்றவைத்தார். சுடர் ஆடியது, கைதான் ஆடுகிறது என்று புரிய ஒரு கணம் ஆயிற்று. அப்பாதுரை வந்து அவர் மணிக்கட்டை ஏந்திக்கொண்டான். கரி பூசிச் சூடு காட்டினார். கரி மறைந்தது. சுடரை ஓட்டையின் ஓரத்துக்குக் கொண்டுபோனார். டாங்கியின் வாயிலிருந்து 'புஸ்' என்று ஒரு நீலத் தீ எழும்பியது. இருவரும் ஒருசேர அலறினார்கள். அந்தோணிசாமி முடிந்தது என்று நினைத்தார். சவுரியம்மாளின் முகம்கூட வரவில்லை. பெரியதம்பி கேட்ட அந்தக் குவளைத் தண்ணீர்தான் நினைவில் வந்தது.

தீ தானாக அவிந்தது. எரிவதற்கு அவ்வளவு ஆவிதான் உள்ளே மிச்சம் இருந்திருக்கிறது. டாங்கி சாய்ந்தபடி அப்படியே நின்றது.

"அண்ணே, கரி மறுபடி பூசணுமா?" என்று அப்பாதுரை அழுகிற குரலில் கேட்டான்.

"பூசு."

ஒட்டு முடிந்தது. அழகான ஒட்டு என்று சொல்ல முடியாது. கோணலும் மேடுமாய்ப் போயிருந்தது. ஆனாலும் பிடித்துக்கொண்டது. நாய்க்கர் உள்ளே வந்து தடவிப் பார்த்தார். "வேன்லயே வா, வுட்டுட்டுப் போறேன்" என்றார். முன் இருக்கையைக் காட்டினார்; அதில் அந்தோணிசாமி சாதிக்காரர் யாரையும் அவர் ஏற்றியதில்லை.

"வேணாங்க. அது பின்னாலயே வரும்" என்று டாங்கியைக் காட்டிச் சொல்லிவிட்டு, அந்தோணிசாமி ரயிலடிக்கு நடந்தார்.

வீட்டுக்கு வந்தவருக்குச் சவுரியம்மாள் கேப்பைக் கூழைக் கரைத்துக் கொடுத்தாள். சட்டியைப் பிடிக்க முடியவில்லை. அவளே பிடித்துக் குடிக்க வைத்தாள். "அந்த வெல்டரு நல்லா கீறானா?" என்று மட்டும் கேட்டாள். அவர் தலையசைத்தார்.

அதற்குப் பிறகு தைரியசாலி ஆகிவிட்டார் என்று சொல்ல முடியாது. பெயரும் மாறவில்லை. சுத்துப்பட்டு ஊரிலிருந்து பெட்ரோல் டாங்கிகள் அவரைத் தேடி வர ஆரம்பித்தன. ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரப்பி, ஒவ்வொரு முறையும் வாந்தி எடுத்துவிட்டுத்தான் ஒட்டினார். அப்பாதுரை அடுத்த வருஷமே திண்டிவனத்தை விட்டு விழுப்புரம் வந்து அவரோடு சேர்ந்துகொண்டான். கன்னத்தில் விட்ட அறையைப் பற்றி இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. ஊர் மட்டும் இப்போது பயந்தாங்கொள்ளி வெல்டர்கள் இரண்டு பேர் என்று சொல்லிக்கொண்டது.