மானிட்டர் எரியாத மூலை சிஸ்டம்

கம்ப்யூட்டர் சென்டர் வைத்துப் பிழைக்கிற அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: நம் கடைப் படியேறி வருகிற ஒவ்வொருவருக்கும் விண்ணப்பம் போட இன்றைக்குத்தான் கடைசித் தேதி.

கீரமங்கலத்தில் அப்படி ஒரு சென்டரில் எனக்கு வேலை. பிறவியிலேயே எனக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் ஸ்கிரீன் ரீடரைக் காதில் கேட்டுக்கொண்டு, மவுஸைத் தொடாமல், கீபோர்டிலேயே எல்லா வெப்சைட்டுக்குள்ளும் போய் வருவேன். டிகிரியும் முடித்து, திருச்சியில் கம்ப்யூட்டரும் படித்துவிட்டு நான் ஏறி இறங்கிய இடங்களிலெல்லாம், "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். இன்னும் யாரும் சொல்லி அனுப்பவில்லை. சென்டர் ஓனர் முத்தையா அண்ணன்தான், "காலேஜ் சீசன் முடியிற வரைக்கும் இருந்து பாரு தங்கச்சி. சரிப்பட்டு வரலைன்னா மனசு சங்கடப்படக் கூடாது" என்றார்.

ஆஃப்ல இருக்கு

அவர் எனக்குக் கொடுத்தது, மானிட்டர் கெட்டுப்போய் மூலையில் கிடந்த சிஸ்டம். எனக்கு மானிட்டர் எதற்கு? சந்தோஷமாக உட்கார்ந்துகொண்டேன்.

முதல் வாரம் கறம்பக்குடிக்காரர் ஒருவர் வருமானச் சான்றிதழுக்கு வந்தார். விவரம் கேட்டுக் கேட்டு நான் தட்டிக்கொண்டிருக்க, அவர் பதிலுக்குப் பதில் குரலைத் தாழ்த்திக்கொண்டே போனார். கடைசியில் அண்ணனிடம் போய், "அண்ணே, பாப்பா பாவம். சிஸ்டம் ஆன் ஆகலைன்னு தெரியாமலே அடிச்சுக்கிட்டு இருக்கு, யாராச்சும் சொல்லுங்க" என்றார். அதற்குள் பிரின்டரில் இருந்து அவருடைய விண்ணப்ப ரசீது வந்து விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர் சொன்னார்:

"ஏம்மா, ஆஃப்ல கெடக்கையிலேயே இந்தப் போடு போடுதுன்னா, ஆன் பண்ணுனா என்னா ஆகும்!"

பேர் இல்லாத பட்டன்

ஒருநாள் ஹெட்போன் வயர் அறுந்துபோக, ஸ்பீக்கரிலேயே வேலை பார்த்தேன். மச்சான் வீட்டு விசேஷத்துக்கு வந்த மணமேல்குடி மீனவர் ஒருவர் ரயில் டிக்கெட் போட வந்தார். நான் கேட்கிற வேகத்தில் குரல் ஓடியதும், "யாரும்மா உள்ள சண்டை போடுறது?" என்றார். அவருக்காக வேகத்தைக் குறைத்தேன். "பயணி பெயர், கட்டாயம்" என்றது குரல். அவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "காளிமுத்துங்க!"

அப்புறம் வந்தது வினை. அந்தப் பக்கத்தைச் செய்தவர்கள் பட்டன்களுக்குப் படம் மட்டும் போட்டிருந்தார்கள், பெயர் கொடுக்கவில்லை. ஸ்கிரீன் ரீடர் என்ன செய்யும்? "பட்டன், பட்டன், பட்டன்" என்றே போனது. எது டிக்கெட், எது கேன்சல் என்று நான்தான் ஒவ்வொன்றாகத் தட்டிக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்தேன், டிக்கெட்டும் போட்டேன். ஏன் அது திக்குகிறது என்று விளக்கியதும் காளிமுத்து அண்ணனுக்கு என்னைவிடக் கோபம்:

"பேரு எழுதாம நாங்க போட்டையே கடல்ல எறக்க மாட்டோம். இவுங்க இத்தனை பட்டனையும் பேரு வைக்காமயா நெட்டுல எறக்கி விட்டாங்க?"

சாட்சி

எனக்கு ஒரே ஒரு எதிரி, 'நான் ரோபோ அல்ல' என்று நிரூபிக்கச் சொல்கிற அந்தப் பெட்டி. கோணல் மாணலாக எழுத்துகளைப் படமாகப் போட்டு, பார்த்து டைப் செய்யச் சொல்லும். சில தளங்களில் காதால் கேட்கவும் வழி உண்டு, பலவற்றில் இல்லை. என் மானிட்டரும் எரியாது. ஒவ்வொரு முறையும் முத்தையா அண்ணன் தன் வேலையை விட்டுவிட்டு, தன் மானிட்டர் வயரைக் கழற்றி என் சிஸ்டத்தில் மாட்டி, எழுத்துகளைப் படித்துச் சொல்வார். கூடவே ஒரு பெருமூச்சும் கேட்கும். சீசனோடு என் வேலைக்கும் முடிவு வந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கும்.

பூக்கடை சரோஜா அக்கா வந்தபோதும் அப்படித்தான் நின்றது. நான் மனுஷிதான் என்று கம்ப்யூட்டர் நம்ப மறுக்கிறது என்றேன். அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்:

"இந்தப் புள்ளைய எனக்குச் சின்னதுலேருந்தே தெரியும். எங்கிட்டு வந்து சாட்சிக் கையெழுத்துப் போடணும், சொல்லு!"

கடைசித் தேதி

நர்சிங் விண்ணப்பத்துக்கு உண்மையிலேயே கடைசித் தேதி. மாலை ஐந்துக்குத் தளத்தை மூடிவிடுவார்கள். ஒரு பெண்ணும் அவள் அப்பாவும் முத்தையா அண்ணன் சிஸ்டத்தில் எல்லாம் முடித்து, கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டார்கள். அங்கே 'முக்கிய அறிவிப்பு' என்று ஒரு பெட்டி வந்து, சப்மிட் பட்டன் மேலேயே உட்கார்ந்துகொண்டது. மூடவும் வழியில்லை. அண்ணன் மவுஸைத் தட்டுகிற சத்தம் என் மூலை வரைக்கும் கேட்டது. "போன வருசமும் இப்புடித்தாண்ணே போச்சு" என்ற அந்த அப்பாவின் குரல் உடைந்திருந்தது.

"அண்ணே, கொஞ்சம் எந்திரிங்க" என்றேன். அவரிடம் அப்படிச் சொல்வது அதுதான் முதல் தடவை. விண்டோஸோடு வருகிற படிக்கும் குரலை அவர் சிஸ்டத்தில் ஆன் செய்து, டேப் கீயைத் தட்டிக்கொண்டே போனேன். கண்ணுக்குத்தான் ஒன்றின் மேல் ஒன்று மறைக்கும். காதுக்கு எல்லாம் வரிசையாகத்தான் நிற்கும். அறிவிப்பைத் தாண்டினேன், "சப்மிட், பட்டன்" என்றது. ஸ்பேஸ் பாரைத் தட்டினேன். "அப்பா, அப்ளிகேஷன் நம்பர் வந்திருச்சு!" என்று கத்தினாள் அந்தப் பெண். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பெருமைதான், மறைப்பானேன்.

மறுநாள் காலையில் நான் போனபோது என் மேஜையில் அட்டைப்பெட்டி கிழிக்கிற சத்தம். தொட்டுப் பார்த்தேன், புது மானிட்டர். அண்ணன் சொன்னார்:

"அந்த ரோபோ எழுத்தை இனிமே வாரவுங்களே பாத்துப் படிக்கட்டும், நான் வயர் கழட்ட மாட்டேன். சீசன் முடிஞ்சாலும் நீ எங்கிட்டும் போயிராத தங்கச்சி."

ஆக, என் சிஸ்டத்தில் இப்போது மானிட்டர் எரிகிறது, எனக்காக இல்லை, பாவம், பார்வை உள்ளவர்களும் பிழைக்க வேண்டுமே என்றுதான்.