சின்னம்மாவை நான் கண்காணித்த நாள்

வேன் கதவைத் திறந்ததும் வெயிலில் சூடேறிய புதுப் பிளாஸ்டிக்கின் வாசனை முகத்தில் அடித்தது. பின்பக்க இருக்கையில், உறைகூடக் கிழிக்கப்படாத ஒரு குழந்தை நாற்காலி பெல்ட்டால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. கிள்ளானுக்கு வடக்கே மேருவில் எங்கள் தாமான் குடியிருப்பில் குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டுதான் எல்லாரும் கார் ஏறுவார்கள்; அப்படியொரு நாற்காலியை நான் தொலைக்காட்சி விளம்பரத்தில் மட்டுமே பார்த்திருந்தேன். ஆனால் என்னை உறுத்தியது அதுவல்ல. எங்கள் வீட்டில் இரண்டு வயது இரட்டையர் இருந்தார்கள், தம்பி தர்ஷன், தங்கை தர்ஷினி. நாற்காலி ஒன்றுதான் இருந்தது.

வேன் சின்னம்மா வீட்டுடையது. அம்மாவின் ஒரே தங்கையான சுமதி சின்னம்மா கல்யாணமாகி எட்டு வருடமாகச் சித்தப்பாவோடு ரவாங்கில் இருந்தார், பிள்ளை இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் சேர்த்து எங்களை எல்லாம் காலையில் விலங்குகளைப் பார்க்க 'சூ'வுக்கும், மத்தியானம் கோலாலம்பூரில் பெரிய கடைத்தொகுதிக்கு அடியில் இருக்கும் மீன்காட்சிச் சாலைக்கும் கூட்டிப்போவதாக அவர்தான் சொல்லியிருந்தார். வேறு சமயமாக இருந்தால் முதல் ஆளாக ஏறியிருப்பேன். ஆனால் இரண்டு நாள் முன்னால் பள்ளிவிட்டு வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தபோது அம்மா தொலைபேசியில் பேசியது காதில் விழுந்திருந்தது. "தர்ஷினிய நீயே வெச்சிக்க சுமதி. ரெண்டையும் என்னால முடியாது லா." என்னைக் கண்டதும் அம்மா குரலை மாற்றிக்கொண்டு மீன் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்.

அன்று காலையில் தர்ஷினியின் பையை அம்மா தனியாகக் கட்டியதையும் பார்த்தேன். துவைத்தால் அழுது ஊரைக் கூட்டுவாள் என்பதால் துவைக்கப்படாமலே கிடக்கும் அவளுடைய நாற்றமடிக்கும் 'பூசோக் தலகாணி'யை அம்மா சட்டைகளுக்கு அடியில் ஒளித்துவைத்தார். ஒருநாள் பயணத்துக்கு எதற்குத் தலையணை? தர்ஷனுடைய பையில் பால் போத்தலும் இரண்டு நாப்பியும் மட்டும்தான்.

இரண்டு வயதுக் குழந்தைகளை விலங்கு பார்க்கக் கூட்டிப்போனவர்களுக்கு அவர்கள் விலங்கைத் தவிர மற்றெல்லாவற்றையும் பார்ப்பார்கள் என்பது தெரியும். யானையைக் காட்டினால் அதன் காலடியில் மேயும் மைனாவைப் பார்த்தார்கள். புலிக்கூண்டின் முன்னால் கம்பியைத்தான் தடவினார்கள். தர்ஷன் ஒரு குழாயடியைக் கண்டுபிடித்து அதன் ஈரத்தில் உட்கார்ந்துகொண்டு எழ மாட்டேன் என்றான். நானோ சின்னம்மாவைத் தவிர எதையும் பார்க்கவில்லை. அவர் நறுக்கிய கொய்யா கொண்டுவந்திருந்தார், ஈரத்துணி கொண்டுவந்திருந்தார், கைவிசிறி கொண்டுவந்திருந்தார். அவ்வளவு முன்னேற்பாடும் எனக்குத் திருட்டுத்தனமாகவே தெரிந்தது. அவர் தர்ஷினியைக் கழிவறைக்குக் கொண்டுபோனபோது நானும் போய்க் கதவுக்கு வெளியே நின்றேன். "எதுக்கு வால் மாதிரி பின்னாலயே சுத்துற?" என்று அம்மா கடிந்துகொண்டார்.

குரங்குகளின் முன்னால் இன்னொன்று நடந்தது. வயிற்றில் குட்டியை ஒட்டிக்கொண்டிருந்த ஒரு தாய்க்குரங்கைக் காட்டி, "அங்க பாரு, அம்மா குரங்கு" என்றார் சின்னம்மா. தர்ஷினி குரங்கைப் பார்க்காமல் அவருடைய கன்னத்தைத் தொட்டு, "ம்மா" என்றாள். 'சின்னம்மா' என்ற முழுச் சொல் அவள் வாய்க்கு வராது, அது எனக்குத் தெரியும். ஆனால் சின்னம்மா அவளைத் திருத்தவில்லை. அம்மா அதைக் கேட்டும் கேட்காதவர் போல முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மீன்காட்சிச் சாலைக்குள் இருட்டாகவும் குளிராகவும் இருந்தது. தண்ணீருக்கு அடியில் போகும் கண்ணாடிக் குகையில், நின்றிருக்கும் நம்மை நகர்த்திக்கொண்டுபோகும் நடைபாதையில் ஏறினோம். தலைக்கு மேலே ஒரு சுறா வெள்ளை வயிற்றைக் காட்டியபடி நீந்தி வந்ததும் தர்ஷன் வீறிட்டான். எல்லாரும் அவன் பக்கம் குனிந்தோம். நான் நிமிர்ந்தபோது சின்னம்மாவைக் காணவில்லை. தர்ஷினியையும் காணவில்லை.

ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ஆட்களுக்கு நடுவே புகுந்து ஓடி, குகையின் முடிவில் சீருடையோடு நின்ற ஒரு பெண்ணின் கையைப் பிடித்து, பள்ளியில் படித்த மலாயில், ஒரு பெண் என் தங்கையைத் தூக்கிக்கொண்டு போகிறாள் என்று சொன்னேன். அவள் சிவப்புச் சட்டை போட்டிருக்கிறாள் என்றேன். அவர் 'வாக்கி டாக்கி'யில் பேசிக்கொண்டே என்னை அழைத்துப்போனார்.

வெளிவாசலுக்குப் பக்கத்தில், பொம்மை விற்கும் கடையின் முன்னால், ஒரு காவலாளி சின்னம்மாவை நிறுத்திவைத்திருந்தார். தர்ஷினி சின்னம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். சுற்றிலும் ஆட்கள் கூடியிருந்தார்கள். இது உங்கள் பிள்ளையா என்று காவலாளி மலாயில் கேட்டார். சின்னம்மா தர்ஷினியை இன்னும் இறுக்கிக்கொண்டார். காவலாளி மறுபடியும் கேட்டார்.

"என் பிள்ள இல்ல" என்றார் சின்னம்மா, தமிழில். பிறகு மலாயில், "அக்காவோட பிள்ளை."

அப்போதுதான் சீருடைப் பெண்ணின் பின்னால் நின்ற என்னைக் கண்டார். யார் சொல்லி இது நடந்தது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டவில்லை. தன் கழுத்தைக் கட்டியிருந்த தர்ஷினியின் கைகளை ஒவ்வொன்றாக விலக்கி, குழந்தையை அந்தப் பெண்ணிடம் நீட்டினார். விழித்துக்கொண்ட தர்ஷினி "ம்மா, ம்மா" என்று அவரை நோக்கிக் கை நீட்டிக் கதறினாள். அப்பா மூச்சிரைக்க ஓடிவந்து அடையாள அட்டையைக் காட்டி விளக்கினார். காவலாளி மன்னிப்புக் கேட்டார். தர்ஷினி இருட்டுக்குப் பயந்ததால் வெளிச்சத்துக்குத் தூக்கி வந்ததாகச் சின்னம்மா சொன்னார். யாரிடம் என்றில்லாமல், தரையைப் பார்த்துச் சொன்னார்.

வேனில்தான் அம்மா உடைத்துச் சொன்னார். அவருக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடக்கவிருந்தது. ஒரு மாதம் கனமாக எதையும் தூக்கக்கூடாது. அதுவரை தர்ஷினி ரவாங்கில் இருப்பதாக ஏற்பாடு. அன்று மாலையே அவளைக் கொண்டுபோவதாக இருந்தது. "சொன்னா நீ பயந்துக்குவன்னுதான் சொல்லல" என்றார். முன்னிருக்கையில் இருந்த சின்னம்மா திரும்பாமலே, "வேணாங்கா, நான் உங்க வீட்டுக்கே வந்து பாத்துக்கறேன்" என்றார்.

அப்படியே வந்தார். ஒரு மாதம் முழுக்க ரவாங்கிலிருந்து காலை ரயில் பிடித்து, நடுவில் மாறி, கிள்ளானில் இறங்கி, பஸ் ஏறி வந்து இரட்டையர் இருவரையும் பார்த்துக்கொண்டார். எனக்கும் தலை பின்னிவிட்டார். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் மன்னிப்புக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தெரிந்த வயதில் எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

என் சந்தேகம் முழுப் பொய்யா என்பது இன்றும் எனக்குத் தெளிவாகத் தெரியாது. என் கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள் அப்பா, "ஒரு மாசம்னுதான் பேச்சு. ஆனா தர்ஷினி போயிருந்தா திரும்பி வந்திருப்பாளா, எனக்கே தெரியாது" என்றார். அம்மாவிடம் கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் தலை நிமிரவே இல்லை.

போன மாதம் என் இரண்டு வயது மகனோடு அதே 'சூ'வுக்குப் போனோம். சின்னம்மாவும் வந்தார். சித்தப்பா இறந்து நான்கு வருடமாகிறது. அவர்களுக்குக் கடைசிவரை பிள்ளை பிறக்கவில்லை. நடந்து களைத்த என் மகன் நேராக அவரிடம் போய் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றான். பஸ்ஸிலும் கோயிலிலும் முன்பின் தெரியாதவர் பிள்ளையைக்கூட ஒரு காலத்தில் கேட்காமல் வாரித் தூக்கிக்கொண்டவர் அவர். இப்போது குனியாமல் என்னைப் பார்த்தார்.

"தூக்கட்டுமா?"

"தூக்குங்க சின்னம்மா" என்றேன்.

தூக்கிக்கொண்டார். ஆனால் பத்தடிக்கு ஒருமுறை, நான் பின்னால் வருகிறேனா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.