ஜாபர் பாய்க்கு ஐந்து வினைச்சொற்கள்

1. எல்லாமே கட்

"ஐ கட் மட்டன். ஐ கட் போன். ஐ கட் லிவர். ஐ கட் ஃபேட். அவ்வளவுதானுங்க டீச்சர்."

இன்டர்வியூவுக்கு இரண்டு வாரம்கூட இல்லாத நேரத்தில் ஜாபர் பாய் இப்படிச் சொல்லி நிறுத்தினார்.

தொண்ணூறுகளின் நடுவில், உக்கடத்தில் ஒரு சைக்கிள் கடையின் மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தேன். கீழே பஸ் ஹாரன், மேலே நான். யார் சத்தம் பெரிது என்று தினமும் போட்டி. வெளியூர் போகிறவர்களைப் பழக்கும் இந்த வேலைக்கு இன்று புதிதாக வருகிற பிள்ளைகள் கேட்டதால் எழுதுகிறேன்.

ஜாபர் பாய், அண்ணனுடைய கறிக்கடையில் மீசை அரும்பிய நாளிலிருந்து கறி போடுகிறவர். துபாயில் ஒரு பெரிய ஹோட்டலின் கிச்சனுக்குக் கறி வெட்டும் ஆள் எடுக்கிறார்கள் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். முப்பத்தைந்து வயதைத் தாண்டினால் எடுக்கமாட்டார்கள். இவருக்கு முப்பத்தைந்து நடந்துகொண்டிருந்தது.

"இதும் போச்சுன்னா இன்னைக்கு அண்ணன் கடை, நாளைக்கு அண்ணன் மவன் கடைங்க டீச்சர். சாவற மட்டும் அங்கயே குத்த வெச்சு உக்கார வேண்டியதுதான்" என்பார். சொல்லும்போதே எழுந்து ஜன்னலுக்குப் போவார். பெஞ்சில் ஐந்து நிமிடம் தங்கமாட்டார். நானும் சும்மா இருக்கிற பிறவி இல்லை. அவர் ஒரு பக்கம் நடக்க, நான் ஒரு பக்கம் நடந்துகொண்டே பாடம் எடுப்பேன்.

2. வெட்டு வேறு, அரி வேறு

"உங்க கடைக்கு வர்றவங்க எல்லாத்தையும் வெட்டிக் குடுங்கன்னா கேக்கறாங்க?" என்றேன்.

"அதெப்படீங்க? எலும்ப வெட்டோணும். ஈரல அரியோணும். கொத்துக்கறின்னா கொத்தோணும். கொழுப்பச் சீவி எடுக்கோணும்."

"அதேதான் பாய். வெள்ளைக்காரனுக்கும் அப்படித்தான். எலும்புக்கு சாப். ஈரலுக்கு ஸ்லைஸ். கொத்துக்கறிக்கு மின்ஸ். கொழுப்புக்கு ட்ரிம். பொடிசாச் சதுரமா நறுக்கினா டைஸ்."

ஐந்தையும் தாளம் போட்டுப் படித்தார். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அவர் முணுமுணுத்தபடி நடப்பதைப் பார்த்து, பாய் ஏதோ ஓதுகிறார் என்று வழிவிட்டவர்களும் உண்டு. ஒருநாள் வகுப்பில் விளக்கு அணைந்ததும் இருட்டிலிருந்து அவர் குரல் வந்தது: "டீச்சர், கரண்ட் ஸ்லைஸ் ஆயிருச்சுங்க!" வகுப்பே சிரித்தது. கரண்டுக்கு என்றைக்கும் கட்தான், அதை அரியவும் முடியாது கொத்தவும் முடியாது என்று விளக்கினேன். எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

3. பூசணி ஓடியது

வாயால் சொன்னால் போதாது, செய்துகொண்டே சொல்லட்டும் என்று மறுநாள் ஒரு கத்தியும் அரைப் பூசணியும் எடுத்துப்போனேன்.

ஜாபர் பாய் பெஞ்சை நகர்த்தினார். தரையில் உட்கார்ந்தார். ஒரு காலை மடக்கி, மற்றக் காலின் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கத்தியின் பிடியை இறுக்கி, கூர் தன் பக்கம் பார்க்க நிறுத்தினார். பூசணியை இரண்டு கையாலும் பிடித்துக் கத்தியின்மேல் அழுத்தித் தள்ளினார். "ஐ ஸ்லைஸ் த பம்ப்கின்." ஒரு பிசகு இல்லை. துண்டுகள் தாள் தாளாக விழுந்தன. எல்லோரும் கை தட்டினார்கள்.

எனக்குக் கை தட்ட வரவில்லை. கத்தி அசையவே இல்லை, பூசணிதான் அசைந்தது. நம் ஊர்க் கறிக்கடைகளில் அப்படித்தான். எலும்பு வெட்டுகிற பெரிய கத்தி மட்டும் கைக்கு, மற்றதெல்லாம் காலுக்கு.

"பாய், அங்கெல்லாம் நின்னுட்டு, மேசை மேல வெச்சு, கையில கத்தியப் புடிச்சு அறுப்பாங்க. இன்டர்வியூவுல செஞ்சு காட்டச் சொல்லுவாங்கன்னு ஏஜெண்ட் சொன்னாரே."

எழுந்து நின்றார். கத்தியைக் கையில் பிடித்தார். வைத்த முதல் அழுத்திலேயே பூசணி மேசையைவிட்டு ஓடி ஜன்னல் ஓரத்தில் போய் நின்றது.

"என்னங்க டீச்சர் இது, கத்தி ஆடுது!" அவர் முகம் செத்துப்போயிற்று.

சொல்லிக்கொடுக்கலாம் என்றால் என் வீட்டிலும் அருவாமனைதான். எனக்கும் நின்றுகொண்டு நறுக்கிப் பழக்கமில்லை. குருடனும் குருடனும் குருட்டாட்டம் ஆடிய கதைதான். அன்றோடு இலக்கணத்தை மூட்டை கட்டினேன். மேசையை நடுவில் இழுத்துப்போட்டு, பூசணி, உருளைக்கிழங்கு, பிறகு அவர் கொண்டுவந்த கறி என்று நாங்கள் இருவரும் எதிரெதிரே நின்று பழகினோம். எங்கள் வீட்டில் தினமும் பூசணிக் கூட்டு. "ஏன் அம்மணி, நீ நடத்தறது இங்கிலீஷ் கிளாஸா, கல்யாணச் சமையலா?" என்றார் என் வீட்டுக்காரர்.

4. லாட்ஜ் வாசல்

இன்டர்வியூ காந்திபுரத்தில் ஒரு லாட்ஜில். வீட்டில் இருப்புக் கொள்ளாமல் நானும் போய்விட்டேன். வாசலுக்கும் மாடிப்படிக்குமாக நான் நடப்பதைப் பார்த்து, "ஏனுங்க, யாரையாவது தேடறீங்களா?" என்று லாட்ஜுக்காரர் மூன்று தடவை கேட்டார்.

ஜாபர் பாய் இறங்கி வந்தார். இடது கையில் கைக்குட்டை சுற்றியிருந்தது. கைக்குட்டையில் ரத்தம்.

"என்னாச்சு பாய்?"

"செஃப் மலையாளத்துக்காரருங்க. மொதல்ல ஒரு வார்த்தை பேசலீங்க. கறிய வெச்சுக் கத்தியக் குடுத்தாரு. பாதியில வெரல்ல பட்ருச்சு. 'சார், ஐ கட் மை ஃபிங்கர், ஒன் மினிட்'னு சொல்லிப்போட்டு, ரத்தம் பட்ட துண்டத் தூக்கி எறிஞ்சு, பலகையும் கத்தியும் கழுவிப்போட்டு, கையக் கட்டிட்டு மீதிய முடிச்சேன்."

"சாப், ஸ்லைஸ் எதுவுமே கேக்கலியா?"

"ஒண்ணுகூடக் கேக்கலீங்க. 'வேகம் பத்தாது, ஆனா சொல்லாமயே பலகையக் கழுவுனியே, வந்துரு'ன்னாருங்க டீச்சர்." சொல்லும்போதே அழுதுவிட்டார். நானும் அழுதேன். அத்தனை பாடுபட்டுப் படித்த ஐந்து சொற்களும் வீணாகப் போனதில் கொஞ்சம் கோபமும் இருந்தது. மறைப்பானேன்.

5. பக்ரீத் லீவு

இரண்டு வருஷம் கழித்து, முதல் லீவு பக்ரீத்தை ஒட்டிக் கிடைத்தது. பேரீச்சம்பழமும் ஒரு சென்ட் பாட்டிலும் எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார்.

"அங்க போயாவது அஞ்சு சொல்லும் உதவுச்சா?" என்றேன்.

"எங்கீங்க? பக்கத்துல ஒருத்தன் நேபாளி, ஒருத்தன் பிலிப்பைன்காரன். எல்லாத்துக்கும் 'கட்'னு சொன்னாத்தான் அவுங்களுக்குப் புரியுது."

விழுந்து விழுந்து சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இப்போது பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தார், அது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நேத்துப் பண்டிகைக் கறி போட அண்ணன் கூப்புட்டாருங்க. பழைய இடத்துலயே உக்காந்தேன். கத்தி வெரல்ல நிக்கல. சாஞ்சு சாஞ்சு உழுது. கால் மறந்துபோச்சுங்க டீச்சர். அண்ணன் மவன் வந்து, 'நவுருங்க சித்தப்பா'ன்னு சொல்லி என்ற எடத்துல உக்காந்துட்டான்."

அந்த இடத்தைவிட்டு எழுந்துவிடத்தான் அவர் அத்தனை தவித்தார்.

வேலை பழக்கி வெளியூர் அனுப்புகிற பிள்ளைகளே, அதற்குப் பிறகு வளைகுடாவுக்குப் போன என் மாணவர் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லித்தான் அனுப்பினேன், நீங்களும் சொல்லி அனுப்புங்கள்: புதிய கை நன்றாகப் பழகட்டும். வாரத்துக்கு ஒருமுறை, அறைக் கதவைச் சாத்திக்கொண்டாவது, தரையில் உட்கார்ந்து பழைய கையையும் காலையும் பழக்கிக்கொள்ளுங்கள். திரும்பி வரும்போது தேவைப்படும்.