சுலோசனா எண்ணிய தலைகள்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மருந்து பாட்டிலுக்கு மூடி செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் சுலோசனாவுக்குப் பத்தொன்பது வருஷ சர்வீஸ். தட்டில் கொட்டி வரும் மூடிகளைப் பார்த்து, கோணலாக இருப்பதை எடுத்துப் போடுவதுதான் வேலை. ஒரு தட்டுக்கு இருநூற்றைம்பது மூடி. தட்டு வந்து நிற்கும்போதே, "இதுல ரெண்டு கம்மி" என்பாள். எடை மெஷினில் வைத்துப் பார்த்தால் இரண்டு குறைவாகத்தான் இருக்கும். புதிதாக வரும் சூப்பர்வைசர்கள் ஆளுக்கு ஒருமுறை அவளைச் சோதித்துப் பார்ப்பார்கள். பிறகு அந்தப் பக்கம் வரமாட்டார்கள்.

இந்தத் திறமையால் கம்பெனிக்கு வெளியே அவளுக்கு நாற்பத்தாறு வயது வரை ஒரு பிரயோஜனமும் இருந்ததில்லை. அப்புறம்தான் தமிழரசு பாட வந்தான்.

தமிழரசு பூந்தமல்லிக்காரன். தொலைக்காட்சியில் நடந்த ஒரு பாட்டுப் போட்டியில் கடைசிச் சுற்று வரை போய் நான்காவது இடம் பிடித்தான். முதலிடம் கோயம்புத்தூர் சபீனாவுக்கு. முடிவு வருவதற்கு முன்பே சர்க்கரைப் பொங்கல் செய்து வைத்திருந்த சுலோசனா, அதை அப்படியே மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். மறுநாள் கம்பெனிக்கு லீவு லெட்டர் எழுதினாள். காரணம் என்ற இடத்தில் 'குடும்பத்தில் ஒரு இழப்பு' என்று எழுதியிருந்ததை அவள் கணவன் சம்பத் எட்டிப் பார்த்தான்.

"நம்ம ஊட்ல எல்லாரும் நல்லாத்தானே கீறாங்க," என்றான்.

"நீ பொங்கல துன்னு," என்றாள் சுலோசனா.

போட்டி முடிந்துவிட்டது என்றுதான் சம்பத் நினைத்தான். ரசிகர்களுக்கு அன்றைக்குத்தான் வேலையே ஆரம்பித்தது. 'தமிழரசு குரல் பாசறை' என்று வாட்ஸாப்பில் ஒரு குழு. நானூற்றுப் பன்னிரண்டு பேர். அதன் அட்மின் வெங்கட், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, அம்பத்தூரில் ஒரு ஐ.டி. ஆபீசில் வேலை பார்ப்பவன். தமிழரசின் புதுப் பாட்டு வெளியாகும் நாட்களில் வெங்கட் காலை ஆறு மணிக்கே உத்தரவு போடுவான். வீட்டில் இருக்கும் எல்லா போனிலும் பாட்டு ஓட வேண்டும். சத்தத்தை முழுதாக அணைத்தால் கேட்டவர்கள் கணக்கில் ஏறாதாம், ஒரு புள்ளியாவது வைக்க வேண்டுமாம். அதனால் சுலோசனாவின் போன் அலமாரியிலும், சம்பத்தின் போன் பிரிட்ஜ் மேலும், கண்ணாடி உடைந்த பழைய போன் ஜன்னலிலுமாக, ஒரே பாட்டை மூன்றும் வெவ்வேறு இடத்தில் முனகிக்கொண்டிருக்கும்.

சம்பத் எலக்ட்ரீசியன். அவனை யாராவது போனில் கூப்பிட்டால் தமிழரசின் சோகப் பாட்டுதான் காலர் ட்யூனாகக் கேட்கும். அதுவும் சுலோசனா வைத்ததுதான். கரண்ட் போய் இருட்டில் நின்று கூப்பிடுகிறவர்கள், 'வெளிச்சமே நீ எங்கே போனாய்' என்று ஒருவன் அழுவதை முதலில் கேட்டாக வேண்டும். கொரட்டூரில் ஒருவர், "நீ எடுத்திருக்கவே வேணாம்பா, சரணம் நல்லாப் போய்க்கினு இருந்துச்சு," என்று கோபித்துக்கொண்டார்.

எதிர்முகாமின் பெயர் 'சபீனா சாம்ராஜ்யம்'. அதை நடத்தியவர் திருமழிசையைச் சேர்ந்த ஜானகிராமன் என்கிற ரிட்டையர்டு தமிழாசிரியர். தினமும் காலையில் முகநூலில் சுத்தமான தமிழில் அறிக்கை வெளியிடுவார். 'இன்றைய நிலவரம். சபீனாவின் பாடலைக் கேட்டோர் பதினொரு லட்சம். தமிழரசின் பாடலைக் கேட்டோர் மூன்று லட்சம். எமது ஆழ்ந்த அனுதாபங்கள்.' கடைசி வாக்கியத்தைப் படித்தால் சுலோசனாவுக்கு அன்றைக்கு முழுக்க மூடி கோணலாகவே தெரியும்.

போன வருஷம் இருவரும் கச்சேரிப் பயணம் கிளம்பினார்கள். சபீனா சிங்கப்பூர், கோலாலம்பூர், டொரோண்டோ. தமிழரசு ஓசூர், ஆரணி, திருத்தணியில் ஒரு பர்னிச்சர் கடைத் திறப்பு விழா. டொரோண்டோ கச்சேரி முடிந்த மறுநாள் ஜானகிராமன் ஒரு பெரிய போட்டோவை வெளியிட்டார். அரங்கம் நிறையத் தலைகள். கீழே, 'மூவாயிரம் உள்ளங்கள்' என்று எழுதியிருந்தார். பாசறையில் வெங்கட் ஒரு மெழுகுவத்திப் படம் மட்டும் போட்டான்.

கம்பெனியில் சாப்பாட்டு நேரம். சுலோசனா டிபன் பாக்ஸைத் திறக்காமல் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது மூவாயிரம் கெடையாது," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விஜியிடம். விஜி அதே கம்பெனியில் பேக்கிங் பிரிவு.

"பின்ன எவ்ளோ?"

"இரு."

'இரு' என்றவளுக்கு மூன்று நாள் சாப்பாட்டு நேரம் தேவைப்பட்டது. மொத்தம் இரண்டாயிரத்து அறுநூற்று இருபத்திரண்டு தலை வந்தது. எண்ணும்போதே ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டிருந்தது. மூன்றாவது வரிசையில் பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒருத்தர் வாயைப் பிளந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். அவர் பக்கத்தில் ஒரு அம்மா, கையில் பாதி சமோசா. அதே பச்சை ஸ்வெட்டர் நடு வரிசையிலும் கொட்டாவி விட்டார். கடைசி வரிசைகளிலும் விட்டார். பக்கத்திலேயே அதே பாதி சமோசா.

"ஒரே ஆளு மூணு எடத்துல எப்படிடீ கொட்டாவி உடுவான்?" என்றாள் சுலோசனா.

விஜி யோசித்தாள். "கச்சேரி ரொம்ப நேரம் நடந்துருக்கும்."

சுலோசனா மூன்று கொட்டாவிக்கும் சிவப்பு வட்டம் போட்டாள். ஒரே கூட்டத்தை வெட்டி மூன்று முறை ஒட்டியிருக்கிறார்கள், உண்மையில் வந்தவர்கள் எண்ணூற்று எழுபத்து நாலு பேர் என்று எழுதிப் பாசறைக்கு அனுப்பினாள். சாயங்காலம் அவள் வீடு போய்ச் சேருவதற்குள் அது ஊரெல்லாம் சுற்றிவிட்டது. சபீனாவின் ஆட்கள் போஸ்டர் டிசைன் செய்தவர்மேல் பழியைப் போட்டுவிட்டுப் படத்தை எடுத்துவிட்டார்கள். வெங்கட் மெழுகுவத்தியை நீக்கிவிட்டு வெடிப் படம் போட்டான். பாசறையில் சுலோசனாவுக்குத் 'தலைக்கணக்கு அலுவலர்' என்ற பதவியும் கொடுத்தான்.

அன்று மாலை ஜானகிராமனிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. 'அம்மையீர், மறுப்பதற்கில்லை. அந்தக் கொட்டாவியை யானும் கண்டேன். கண்டும் காணாதது போல் இருந்துவிட்டேன். வெட்கப்படுகிறேன்.'

அதற்குப் பிறகு யார் கச்சேரி நடந்தாலும் சுலோசனா எண்ணிச் சொன்னால்தான் எண் என்று ஆகிவிட்டது. நாற்காலி உறையில் கட்டியிருக்கும் முடிச்சு எது, கொண்டை எது என்று பிரித்துச் சொல்வாள். சுவர்க் கண்ணாடியில் தெரிகிறவர்களைக் கழித்துவிடுவாள். தோளில் தூக்கி வைத்திருக்கும் குழந்தைகளைச் சேர்ப்பாள், தூங்கினாலும்.

இப்படி இருக்கும்போது தமிழரசின் கச்சேரி ஆவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஏற்பாடானது. சொந்த வட்டாரத்தில் முதல் கச்சேரி. ஐயாயிரம் பேர் என்று வெங்கட் முன்கூட்டியே பேனர் அடித்துவிட்டான். சுலோசனா, சம்பத், விஜி மூவரும் பாசறையின் மஞ்சள் பனியனைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். சம்பத்துக்குக் கிடைத்தது சின்ன அளவு. தொப்பையின் மேல் தமிழரசின் முகம் அகலமாகி, வேறு யாரோ மாதிரி இருந்தது.

மதியம் மூன்று மணிக்கு ஆரம்பித்த மழை ஆறு மணிக்கும் விடவில்லை. ரோட்டில் முழங்கால் தண்ணீர். மண்டபத்தின் மாடியில் வேறொரு குடும்பத்தின் நிச்சயதார்த்தம் நடந்துகொண்டிருந்தது. அங்கே சாப்பிட்டவர்கள் மழை விடும்வரை நிற்கலாம் என்று, வாயில் வெற்றிலையோடு கீழே வந்து காலி நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். காலி நாற்காலிக்குக் குறைவே இல்லை.

"இவங்கள எண்ணலாமா கூடாதா?" என்று சுலோசனா விஜியைக் கேட்டாள்.

"தலைய ஆட்றாங்களா பாரு. ஆட்னா எண்ணு."

இரண்டாவது பாட்டில் மைக் செத்துப்போனது. தமிழரசு வாயசைப்பது மட்டும் தெரிந்தது. ஆப்பரேட்டர் விழித்தார். சம்பத் பொறுக்க முடியாமல் மேடை ஏறி, பிளக்கைப் பிடுங்கி, பல்லால் ஒயரைச் சீவி, திரும்பச் சொருகினான். சத்தம் வந்தது. கூட்டம் அவனுக்குக் கை தட்டியது. அன்றைக்குக் கிடைத்த பெரிய கைதட்டல் அதுதான். சம்பத் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு மேடை ஓரத்திலேயே கொஞ்ச நேரம் நின்றான். மூன்றாவது பாட்டின் நடுவில் சுலோசனா முறைத்த பிறகுதான் இறங்கி வந்து இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தான்.

கச்சேரி முடிந்ததும் வெங்கட் ஓடிவந்தான். பனியனைப் பிழிந்தால் ஒரு குடம் தண்ணீர் வரும்போல இருந்தான்.

"அக்கா, ஐயாயிரம்னு போட்டுருங்க. நீங்க போட்டா எவனும் கேள்வி கேக்க மாட்டான்."

"நூத்தி அறுவத்தி மூணு தம்பி."

"என்னக்கா இப்படிச் சொல்லுதீங்க. ஒரு ஆயிரமாவது போடுங்க. மழைனு சொல்லிக்கிடலாம்."

"நூத்தி அறுவத்தி மூணு. அதுலயே நிச்சயதார்த்தத்துக்கு வந்த இருவத்தொம்போது பேரு கீறாங்க. தலைய ஆட்னாங்களேன்னு சேத்தேன்."

மூவரும் ரயிலேறினார்கள். அண்ணனூர் தாண்டும்போது ஜானகிராமனின் செய்தி வந்தது. 'அம்மையீர், ஆவடி நிலவரம் என்ன? தாங்கள் சொல்லும் எண்ணை எங்கள் முகாம் அப்படியே ஏற்கும்.' அதைப் படித்ததும் அவளுக்கு அழுகை வந்தது. ஐயாயிரம் என்று எழுதினால் அந்த மனுஷன் நம்பிவிடுவார். அதுதான் கஷ்டமாக இருந்தது. தமிழரசை அவளுக்குப் பிடிக்கும். ஆளில்லாத மண்டபத்தில் அவன் பாடியதைப் பார்த்த பிறகு இன்னும் அதிகமாகப் பிடித்தது. அந்தக் காலி நாற்காலிகளைத் தன் கையாலேயே ஊருக்குக் காட்ட வேண்டுமா?

சம்பத் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான். "மூடி கோணலா இருந்தா எடுத்துப் போட்றல்ல. அப்பால இன்னா யோசன?"

திருமுல்லைவாயலில் ரயில் நின்றபோது, '163' என்று மட்டும் எழுதி இரண்டு குழுவுக்கும் தெரிகிற மாதிரி முகநூலில் போட்டாள். அம்பத்தூரில் இறங்குவதற்குள் வெங்கட் அவளைப் பாசறையிலிருந்து நீக்கிவிட்டான். விஜியின் போனை வாங்கிப் பார்த்தாள். குழுவில் நானூற்றுப் பதினொரு பேர் இருந்தார்கள். அதையும் அவளால் எண்ணாமல் இருக்க முடியவில்லை. வெங்கட் தானாக ஐயாயிரம் என்று போட்டுப் பார்த்தான். 'சுலோ அக்கா சொன்னாங்களா?' என்று அவன் ஆட்களே கேட்டார்கள்.

அடுத்த நாள் காலை ஜானகிராமனின் அறிக்கையைப் பயந்துகொண்டே திறந்தாள். 'ஆவடியில் கனமழை. ஆகவே இன்று நிலவரம் இல்லை' என்று மட்டும் இருந்தது.

புதன்கிழமை கம்பெனியில் டீ நேரத்தில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, நான் தமிழரசு பேசறேன். ஆவடியில நூத்தி அறுபத்தி மூணுன்னு போட்டது நீங்கதானா?"

சுலோசனா டீ டம்ளரோடு எழுந்து நின்றாள். "ஆமா தம்பி. தப்பா எடுத்துக்காத."

"தப்பாத்தான்கா இருக்கு. எனக்கு நூத்தி அறுபத்தி நாலு வந்துச்சு."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவன் மேலும் சொன்னான். வெளிச்சம் கண்ணில் அடிப்பதால் மேடையிலிருந்து கூட்டம் தெரியாது. ஹவுஸ்ஃபுல் என்றுதான் மானேஜர் எல்லா ஊரிலும் சொல்வார். நம்ப முடியாமல் ஓசூரிலிருந்து அவனே எண்ண ஆரம்பித்துவிட்டான். பாட்டுக்கு நடுவில் வயலின் வாசிக்கும் நேரத்தில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எண்ணுவானாம்.

"அதான் மூணாவது பாட்டுல சரணத்த உட்டுட்டு நின்னியா?"

"ஆமாக்கா. தொண்ணூறுல இருந்தேன். நிறுத்த முடியல."

"மேடையாண்ட ஒரு மஞ்ச பனியன் நின்னுச்சே, அத எண்ணினியா?"

"எலக்ட்ரீசியன் அண்ணனா? எண்ணினேன்."

"அப்பால ரெண்டாவது வரிசைல தொப்பையோட ஒரு மஞ்ச பனியன்?"

"அவரையும் எண்ணினேன். அவரும் அவரேதானா?"

"என் ஊட்டுக்காரரு. ஒரு ஆள ரெண்டு தபா எண்ணிக்கினே."

தமிழரசு சிரித்துவிட்டான். விடாமல் சிரித்தான். சுலோசனாவுக்கும் சிரிப்பு வந்து, டீ ஓவர்கோட்டில் கொட்டியது. சிரித்து முடித்ததும் அவள் சொன்னாள். "இனிமே நீ எண்ணாத தம்பி. பாட்டு கெட்டுப்போவுது. நான் எண்ணிச் சொல்றேன், நீ பாட்டப் பாரு."

இப்போது பக்கத்து ஊர்களில் எங்கே கச்சேரி நடந்தாலும் அவள் போகிறாள். கடைசிப் பாட்டுக்கு முன்னால் தமிழரசின் போனுக்கு ஒரே ஒரு எண் அனுப்புவாள், வேறு ஒன்றும் எழுதமாட்டாள். வெங்கட் இரண்டு வாரம் கழித்து, "அக்கா, பாசறையில ஒரு எடம் காலியா இருக்கு," என்று சேர்த்துக்கொண்டான். சரணங்களைத் தமிழரசு இப்போது தவறவிடுவதில்லை.

போன மாதம் திருமழிசையில் பாடினான். மழை இல்லை, நல்ல கூட்டம். மூன்றாவது வரிசை ஓரத்தில், மடியில் குடையும் கையில் நோட்டுமாக ஜானகிராமன் உட்கார்ந்திருந்தார். சுலோசனா அவர் அருகில் போய் நின்றாள்.

"சார், உங்கள எண்ணிக்கிட்டுமா?"

"வேண்டாமம்மா. நான் இங்கே பார்வையாளனாகத்தான் வந்திருக்கிறேன். ரசிகனாக அல்ல."

"போன பாட்டுக்கு ரெண்டு கையும் தட்னீங்களே சார்."

"கொசும்மா. இந்தப் பக்கம் கொசு ஜாஸ்தி."

அடுத்த பாட்டு முடிந்ததும் கொசு இன்னும் பலமாகக் கடித்திருக்க வேண்டும், ஜானகிராமன் எழுந்து நின்று தட்டினார். சுலோசனா தன் இடத்துக்குப் போய்ப் போனை எடுத்தாள். முன்னூற்று முப்பத்தேழு என்று எழுதி வைத்திருந்ததை அழித்து, முன்னூற்று முப்பத்தெட்டு என்று மாற்றி அனுப்பினாள்.