பச்சைக் கல்

உஷாராணி சுத்தியலால் ஓங்கி ஒரு போடு போட்டதும் கல் இரண்டாகப் பிளந்தது. ஒரு துண்டை மோந்து பார்த்தாள். வெயிலில் பிடித்து நிறம் பார்த்தாள். அடுக்குக்கு ஒரு கல்லாவது உடைத்துப் பார்க்காமல் வண்டியில் ஏற்ற விடமாட்டாள். மல்லசமுத்திரம் ரோட்டிலுள்ள அவளுடைய சிமெண்ட் கல் பட்டறைக்கு வரும் லாரி டிரைவர்கள், சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பது போல இருக்கிறதென்று கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

பட்டுத்தான் இந்தப் பழக்கம் வந்தது. உருக்காலைக் கசடு கலந்த சிமெண்டுக்கு மாறிய புதிதில், உடைந்த கல்லின் உள்ளே நீலமும் பச்சையுமாகத் தெரிந்தது. தண்ணீர் மிஞ்சிப் பாசி பிடித்துவிட்டதென்று பயந்து, நீர் விடுவதையே நிறுத்தினாள். கல் இறுகாமல் ஓரமெல்லாம் உதிர்ந்தது. அம்மாசி வீட்டுச் சுவருக்குப் போனதைத் திருப்பி ஏற்றி வந்து பள்ளத்தில் கொட்டினாள். பாவம், கெடுத்தது அக்கறைதான்.

பிற்பாடு சிமெண்ட் கம்பெனி ஆள் ஒருவர் விளக்கினார். கல் இறுகும்போது கசடிலுள்ள கந்தகம் இரும்போடு சேர்ந்து காற்றுப் புகாத உள்பக்கத்தில் அந்த நிறத்தைத் தருகிறதாம். காற்றுப் பட்டால் அதுவே மாறிச் சாம்பல் நிறமாகிவிடுமாம். பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

போன வாரம், அவளிடம் கல் வாங்கி வீட்டுச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த முருகானந்தம், ஜன்னலுக்காக வெட்டிய கல்லில் பச்சையைப் பார்த்துவிட்டு, லோடு முழுவதையும் எடுத்துப்போகச் சொன்னார். அம்மாசி வீட்டுக் கதை ஊருக்கே தெரியும். இன்னொரு லோடு திரும்பினால் பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.

"பாசியில்லீங்க, இரும்புங்க. வெள்ளிக்கெழம வரைக்கும் பொறுங்க. அப்பவும் பச்சையா இருந்தா நானே ஏத்திட்டுப் போயர்றனுங்க" என்று, வெட்டிய துண்டை அவர் வீட்டு மதில்மேல் வைத்துவிட்டு வந்தாள். இடையில் இரண்டு முறை அந்தப் பக்கம் போய்த் தூர நின்று பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை துண்டு வெளுத்துச் சாம்பலாக இருந்தது. முருகானந்தம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதோடு விட்டிருக்கலாம். அவள் சுத்தியலை எடுத்து அதை மறுபடி உடைத்தாள். நடுவில் பச்சை அப்படியே இருந்தது.

"காத்துப் படாத எடத்துல இருக்கத்தான் செய்யுமுங்க. உங்க ஊட்டுச் செவுத்துக்குள்ளயும் இருக்கும். மறைச்சுச் சொல்லி என்னங்க ஆவுது?"

அவர் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டார். உஷாராணி ஓஸின் முனையைக் கட்டைவிரலால் அழுத்தி, சுவரின் மேல் வரிசையிலிருந்து நனைக்கத் தொடங்கினாள்.